பூசணிப் பூவுக்குப் பட்டி பார்த்த கதை

அந்தத் தெருவில் எழுபது வயதுக்காரர்கள்கூட அவளை ‘சீட் கவர் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். தொடக்கத்தில் அவளுக்குச் சுருக்கென்று இருந்தது. தலை முழுக்க நரைத்த ஆசாமி வந்து நின்று, “அக்கா, ஸ்கூட்டர் சீட்டு கிழிஞ்சிருச்சு” என்றால் எந்தப் பெண்ணுக்குத்தான் இனிக்கும்? பிறகு பழகிப்போயிற்று. கார், வேன், ஸ்கூட்டர் எதுவானாலும் சீட்டை அளந்து, ரெக்சின் வெட்டி, உறை தைத்து மாட்டிவிடுவது அவள் தொழில். பட்டறையின் முன் அறையில் அவளும் அவளுடைய பெரிய தையல் மெஷினும். பின்னால் இருக்கும் தகரக் கொட்டகை அவள் வீட்டுக்காரருடையது.

அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை நகராது. இடிபட்டு வரும் வண்டிகளை நிமிர்த்தி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துக் கொடுப்பவர். பட்டி என்றால் பள்ளத்தையும் கீறலையும் நிரப்பப் பூசுகிற பசை. காய்ந்ததும் கல்லாகிவிடும், அதைத் தேய்த்துத் தேய்த்துச் சமமாக்க வேண்டும். ஊர் அவருக்கு வைத்த பெயர் பாலிஷ். விளக்கைச் சாய்த்துப் பிடித்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். மயிரிழைக் கோடு ஒன்று தெரிந்தாலும் போச்சு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். வண்டிக்குச் சொந்தக்காரரே வந்து, “எந்தப் பக்கம்ங்க இடிச்சேன்?” என்று கேட்டால்தான் மனுஷனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கும்.

அப்பேர்ப்பட்ட கண், பெண்டாட்டி வரைந்த படத்தின் மேல் மட்டும் நிற்காது. அக்கா ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டினால், “நல்லாருக்கு” என்பார். படத்தைப் பார்த்துச் சொன்னாரா, படத்துக்குப் பின்னால் இருந்த காலண்டரைப் பார்த்துச் சொன்னாரா என்று அவருக்கே தெரியாது. குழம்புக்கும் அதே நல்லாருக்கு, புதுப் புடவைக்கும் அதே நல்லாருக்கு. கெட்ட மனுஷன் இல்லை, பாவம். ஆனால் அக்காவுக்கு அது உள்ளே எங்கேயோ முள்ளாகக் குத்திக்கொண்டுதான் இருந்தது.

ஐம்பது தாண்டிய பிறகுதான் அவளுக்கு இந்தப் பூப் பைத்தியம் பிடித்தது. பிடிக்க வைத்தவள் நாத்தனார். நூலகத்து மாடியில் சனிக்கிழமை தோறும் ஓவிய வகுப்பு என்று கேள்விப்பட்டு, “தனியாப் போகக் கூச்சமா இருக்கு, வாங்க அண்ணி” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். இழுத்துக்கொண்டு போனவள் இரண்டாம் வாரமே கழன்றுகொண்டாள். சும்மா துணைக்குப் போனவள் மாட்டிக்கொண்டாள். இன்றைக்கும் அக்கா சொல்வாள், “அவ அன்னிக்கு இழுக்கலைன்னா நான் ரெக்சினைத் தவிர வேற எதையும் தொட்டிருக்க மாட்டேன். அவளுக்கு நான் கோயில்தான் கட்டணும்.”

வகுப்பு எடுத்த ஓவியப் பெண் அக்காவைவிட வயதில் ரொம்பச் சின்னவள். அக்காவை “அம்மா” என்பாள். ஆனால் குறை சொல்ல வேண்டிய இடத்தில் அம்மாவாவது ஆட்டுக்குட்டியாவது, சொல்லிவிடுவாள். அக்கா ஒரு வருஷம் வாட்டர் கலரில் ரோஜா, தாமரை, சூரியகாந்தி என்று வரைந்து தள்ளினாள். சீட்டுக்கு அளவெடுத்த கை, ஒரு இதழ் கூடாது, குறையாது. அந்தப் பெண் எல்லாவற்றையும் தரையில் வரிசையாகப் பரப்பிவைத்துப் பார்த்துவிட்டு, “அம்மா, எல்லாம் சரியா இருக்கு. ஆனா ஸ்டிக்கர் மாதிரி இருக்கு. ஒரு பூவுக்காச்சும் உயிர் வேணாமா?” என்றாள்.

அக்காவுக்கு முகம் செத்துப்போயிற்று. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் கொட்டகைக்குப் பின்னால் துணி காயப்போடப் போனவள், அங்கே காலங்காலமாகத் துருப்பிடித்துக் கிடந்த வேனைப் பார்த்தாள். அதன் மேல் தானாக முளைத்த பூசணிக் கொடி ஒன்று படர்ந்து, ஜன்னல் வழியாக உள்ளே போய், டிரைவர் சீட்டில் ஒரு பூ பூத்திருந்தது. காலையில் குழல் மாதிரி விரைப்பாக நிற்கிற பூ, வெயில் ஏறினால் சுருங்கிக் கசங்கிவிடும். அந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த பூவைத்தான் அக்கா பார்த்தாள். இதழெல்லாம் சுருக்கம், நரம்பு நரம்பாக. இதை வாட்டர் கலரில் தலைகீழாக நின்றாலும் கொண்டுவர முடியாது என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அதற்கப்புறம் அவள் செய்யாத கூத்து இல்லை. டிஷ்யூ பேப்பரைக் கசக்கி ஒட்டினாள். பஞ்சைப் பிய்த்து ஒட்டினாள். தையல் நூலை நரம்பாக வைத்துப் பார்த்தாள். பச்சை ரெக்சின் துண்டை உப்புத்தாளால் தேய்த்தால் பூசணி இலையின் சொரசொரப்பு அப்படியே வந்தது. அதைக் கண்டுபிடித்த அன்று மெஷினை நிறுத்திவிட்டுத் தனியாகவே சிரித்தாள். வகுப்புப் பெண், “இதுக்கு மிக்ஸட் மீடியான்னு பேரும்மா” என்றாள். கையில் கிடைத்ததையெல்லாம் ஒட்டுவதற்கு இப்படி ஒரு கௌரவமான பெயர் இருக்கிறதா என்று அக்காவுக்கு ஒரே சந்தோஷம். நாத்தனார் வந்து பார்த்துவிட்டு, “என்ன அண்ணி, பழைய சாமான் கடை போட்டுட்டீங்களா?” என்றாள்.

இலை வந்துவிட்டது, பூ வரவில்லை. கடைசியில் அக்கா ஒரு காரியம் செய்தாள். வீட்டுக்காரர் இல்லாத நேரத்தில் கொட்டகையிலிருந்து கொஞ்சம் பட்டியை எடுத்துவந்து, ஒரு பிளைவுட் பலகையில் அந்த ரெக்சின் இலைகளையும் டிஷ்யூ பேப்பரையும் ஒட்டி, டிஷ்யூவின் மேல் பட்டியில் மஞ்சள் சாயம் கலந்து இதழ் இதழாகப் பூசினாள். பட்டியை இறுக வைக்கிற ஹார்டனரை அளவு தெரியாமல் அதிகமாகக் கலந்துவிட்டாள். தடிமனாக வேறு பூசி, வெயிலில் வேறு வைத்தாள். பட்டறையில் யாராவது இப்படிச் செய்திருந்தால் பாலிஷ் அவன் தோலை உரித்திருப்பார். காய்ந்து பார்த்தபோது இதழ் முழுக்க விரிசல். ஐயோ என்று இருந்தது அக்காவுக்கு. மேலே இருந்த தூசியையாவது துடைக்கலாம் என்று ஈரத் துணியை எடுத்துத் தேய்த்தாள். துணியில் பழுப்புச் சாயம் ஒட்டியிருந்திருக்கிறது. அது விரிசலுக்குள் இறங்கியது. மேலே மஞ்சள், கோட்டுக்குள் பழுப்பு. அந்த வேன் சீட்டில் பார்த்த பூ, சுருக்கத்தோடு, நரம்போடு, அப்படியே பலகையில் உட்கார்ந்திருந்தது. அக்காவுக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது.

வகுப்புப் பெண் அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, “அம்மா, செவ்வாய்க்கிழமை நகர மண்டபத்துல கண்காட்சி. வாசல்ல நுழைஞ்சதும் எதிர் சுவர். அது இதுக்குத்தான். திங்கக்கிழமை சாயங்காலத்துக்குள்ள கொண்டுவந்துடுங்க” என்றாள். வாழ்நாளில் அக்கா தைத்ததெல்லாம் மனிதர்கள் மேலே உட்காருவதற்கு. முதல் தடவையாக அவள் செய்த ஒன்றை நின்று பார்க்கப் போகிறார்கள். அந்த நினைப்பில் அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

வீட்டுக்காரரிடம் மட்டும் படத்தைக் காட்டவில்லை. காட்டினால் நல்லாருக்கு என்று சொல்லிவிடுவாரே, அந்தப் பயம். அந்தப் படத்தின் மேல் அந்தச் சொல் விழுவதை அவளால் தாங்க முடியாது போல் இருந்தது. ஒரு பழைய படுக்கை விரிப்பைப் போட்டு மூடி, கொட்டகை மூலையில் சாத்திவைத்துவிட்டு, “திங்கக்கிழமை இதை வேன்ல ஏத்தணும், யாரும் இடிச்சிடாம பாத்துக்குங்க” என்று மட்டும் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு பள்ளிக்கூடத்து வேன்களுக்கு சீட் அளவெடுக்க வெளியூர் போய்விட்டு, பொழுது சாயத் திரும்பிவந்தாள். வீட்டுக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஆனால் ஏதோ சாதித்தவர் முகத்தோடு உட்கார்ந்திருந்தார். என்ன என்று கேட்டதற்கு, “காலைல பாரு” என்றார்.

காலையில் நாத்தனாரும் உதவிக்கு வந்துவிட்டாள். அக்கா விரிப்பை விலக்கினாள்.

பூ பளபளவென்று இருந்தது. ஒரு விரிசல் இல்லை. ஒரு சுருக்கம் இல்லை. புதுக் காரின் கதவு மாதிரி வழவழப்பாக, மஞ்சளாக, மேலே கண்ணாடிபோல் வார்னிஷ் அடித்து, அக்காவின் முகமே அதில் தெரிந்தது.

“எப்படி?” என்றார் பாலிஷ். “இடம் மாத்தி வைக்கலாம்னு நேத்து துணிய எடுத்தேம்மா, எனக்கு உசிரே போயிடுச்சு. பூவெல்லாம் விரிசல் விட்டுக் கெடக்கு! தகரக் கொட்டகை சூட்டுல வெடிச்சிருச்சு போலன்னு நெனச்சேன். உனக்குச் சொன்னா அழுதுடுவ. அதான் ஒண்ணு விடாம பட்டி வச்சு மூடி, தேச்சு, டச்சப் பண்ணி, கிளியர் வார்னிஷ் அடிச்சிட்டேன். நாள் முழுக்க இதே வேலை. எங்க வெடிச்சிருந்துச்சுன்னு இனிமே எவனாச்சும் கண்டுபிடிக்கட்டும் பாப்போம்!”

அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாத்தனார்தான் தலையில் கை வைத்துக்கொண்டு, “அடப்பாவி அண்ணா!” என்றாள்.

“ஏன்? என்ன ஆச்சு?”

“அந்த விரிசல்தாங்க படம்!” என்று கத்தினாள் அக்கா. கத்திவிட்டு அப்படியே ஒரு கார் டயர் மேல் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். “மாசக்கணக்கா மண்டைய ஒடச்சு அதைக் கொண்டுவந்தேன். அதுக்குத்தான் அந்தச் சுவரையே குடுத்தாங்க. இப்போ இதுல என்ன இருக்கு? பழையபடி ஸ்டிக்கர்! ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கக் கூடாதா?”

“நீயும் ஒரு தடவை எங்கிட்ட காட்டியிருக்கலாம்ல?” என்றார் அவர். சொன்ன பிறகு அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அவருக்கே தோன்றியது போலும். முகம் சுண்டிப்போய், செய்த வேலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவ்வளவு நேர்த்தியான வேலை. அதைப் பார்த்து ஒரு மனுஷன் வெட்கப்பட வேண்டி வந்தது அன்றைக்குத்தான்.

பலகையை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு அவர், “தேச்சா கிளியர் போயிடும். மறுபடி வெடிக்க வைக்க முடியாதா?” என்று மெல்லக் கேட்டார். வேறொரு பலகையில் அக்கா செய்தது போலவே பட்டியைக் குழைத்து, ஹார்டனரை அதிகமாகப் போட்டு, ஹீட்டரைக் காட்டினார்கள். வெடித்தது. ஆனால் குறுக்கும் நெடுக்குமாக, காய்ந்த சேறு மாதிரி. இன்னொரு பலகையில் வெடிக்கவே இல்லை. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “விடுங்க. விரிசல் என்ன, சொன்ன பேச்சு கேக்குமா? நான் போன் பண்ணி வரலைன்னு சொல்லிடறேன்” என்றாள்.

“இரும்மா” என்றார் அவர்.

வாட்டர் பேப்பர் என்கிற மெல்லிய உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து எடுத்துவந்தார். முட்டி போட்டு உட்கார்ந்து, பூவின் மேல் இருந்த பளபளப்பைத் தேய்த்து எடுத்தார். கிளியர் போய், மங்கலான மஞ்சள் தெரிந்தது. கீறல் ஊசி ஒன்றை எடுத்து, விளக்கைச் சாய்த்து வைத்துக்கொண்டார். ஊசி முனை இதழுக்குக் கிட்டே போனதும் அவர் கை நின்றுவிட்டது.

“நல்லா இருக்கற எடத்துல எப்படிம்மா கீறல் போடறது?” என்றார். நடித்துச் சொல்லவில்லை. வாழ்க்கை முழுக்க அந்தக் கை கீறலை மூடித்தான் பழகியிருக்கிறது.

“காருன்னு நெனைக்காதீங்க. ஆனா எங்க போடுவீங்க? எனக்கே சரியா ஞாபகம் இல்ல.”

“எனக்கு இருக்கு” என்றார் அவர்.

ஊசி இறங்கியது. “இந்தப் பெரிய இதழ்ல, விளிம்புலேர்ந்து ஒண்ணு கெளம்பும். பாதி தூரம் வந்து ரெண்டாப் பிரியும். கீழ போறது ரொம்ப மெலிசு, பாத்தாத் தெரியாது, கை வச்சுப் பாத்தாத்தான் தெரியும்.” கோடு அவர் சொன்னபடியே போயிற்று. “பக்கத்து இதழ்ல நேரா ஒண்ணும் இல்ல. எல்லாம் வளைஞ்சு வளைஞ்சு நடுவுல வந்து சேரும். இதோ, காம்புகிட்ட ஒண்ணு கொக்கி மாதிரி திரும்பும். அது ஆழம். பட்டி வைக்க வைக்க உள்ள இழுத்துக்கிட்டே இருந்துச்சு, அதை மூடத்தான் இடுப்பு ஒடஞ்சு போச்சு.”

“அங்க இருந்துச்சா?” என்றாள் அக்கா.

“இருந்துச்சும்மா. நீ கவனிக்கல.”

நாத்தனார் போனில் முன்பு எடுத்து வைத்திருந்த போட்டோவைத் தேடி எடுத்தாள். கொஞ்சம் மங்கலான போட்டோதான், பெரிய விரிசல்கள் மட்டும் தெரிந்தன. அதைப் பலகைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தவள், “அண்ணி! அதே எடம். இதுவும் அதே எடம். போட்டோல இல்லாததையெல்லாம்கூட இவரு போடறாரு!” என்றாள்.

அக்கா போட்டோவைப் பார்க்கவில்லை. விளக்கு வெளிச்சத்தில் குனிந்திருந்த அந்தத் தலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வகுப்புப் பெண் அந்தப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது உண்மை. ஆனால் இப்படி, ஒவ்வொரு இதழாக, ஒவ்வொரு கோடாக, விரலால் தடவி, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று யார் பார்த்தார்கள்? வரைந்தவளே பார்க்கவில்லையே. ஒரு நாள் முழுக்க, உடைந்த இடுப்போடு, இந்த ஒரு பூவைத் தவிர வேறு எதையும் பார்க்காமல் இந்த மனுஷன் உட்கார்ந்திருக்கிறார். அவளுக்கு மறுபடி அழுகை வந்தது. இது வேறு அழுகை.

அவர் கோடு போட்டு முடிக்க முடிக்க, அவள் பழுப்புச் சாயத்தைத் தேய்த்துத் துடைத்துக்கொண்டே வந்தாள். இரண்டு பேர் கையும் ஒரே பலகையில் இடித்துக்கொண்டன. “தள்ளுங்க”, “நீ தள்ளு” என்று நடுவில் ஒரு சின்னச் சண்டைகூட வந்தது. ஒரு இலையில் மட்டும் கிளியரை எடுக்க முடியவில்லை. தேய்த்தால் ரெக்சினின் சொரசொரப்பும் போய்விடும். அது பளபளவென்று அப்படியே இருந்துவிட்டது. நாத்தனார், “தண்ணி பட்ட இலைன்னு சொல்லிக்கலாம் அண்ணி, கேட்டா நான் சொல்றேன்” என்றாள்.

சாயங்காலம் மண்டபத்து எதிர் சுவரில் படம் ஏறியது. வகுப்புப் பெண் நாலடி தள்ளி நின்று பார்த்தாள். கிட்டே வந்து பார்த்தாள். “அம்மா, இந்தக் காம்புகிட்ட வளையற கோடு முன்னாடியே இருந்துச்சா? இப்பத்தான் பாக்கறேன். பூவே அங்கேர்ந்துதான் வாடத் தொடங்குது” என்று சொல்லிவிட்டு, அடுத்த படத்தை மாட்டப் போய்விட்டாள்.

படத்துக்கு முன்னால் அக்காவும் வீட்டுக்காரரும்தான் மிச்சம். பாலிஷ் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அதைப் பார்த்தபடி நின்றார். அந்த வீட்டில் எதற்கும் யாரும் நன்றி சொல்லிக்கொள்கிற வழக்கம் இல்லை. கட்டின புருஷனிடம் போய் யாராவது நன்றி சொல்வார்களா, சிரிக்க மாட்டார்களா? அக்கா அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

“தேங்க்ஸ்ங்க” என்றாள்.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். “என்னம்மா ஆச்சு உனக்கு? உடம்பு சரியில்லையா?” என்று அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, “எதுக்குச் சொல்ற? கெடுத்துல்ல வச்சேன்” என்றார்.

“கெடுத்தீங்க. இல்லைன்னு யார் சொன்னா? ஒரு நாள் முழுக்க உக்காந்து என் படத்தைப் பாத்தீங்களே, அதுக்கு.”